நம்ம ஊருக்கு டிராக்டர் வந்த கதை



மலர்க் குழுவிலிருந்து "நம்ம பகுதி வரலாறு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று என்னைக் கேட்டார்கள். சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலைக் கல்வெட்டு, தொண்டைமான் ராஜா என்று எழுத நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் டிராக்டரை எடுத்துக்கொண்டேன். காரணம் உங்களுக்கே தெரியும். போன பொதுக்குழுவில் கூட்டமைப்புக்கு ஒரு டிராக்டர் வாங்கலாமா, வேண்டாமா என்று ஆரம்பித்த பேச்சு, மதியச் சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் முடியவில்லை. "அது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று ஒரு பக்கம். "மானியம் வரும்போதே வாங்கிப் போட்டுடணும்" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பேசினதைக் கேட்டபோது, அந்த வண்டி எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, வந்ததும் நம்மை என்ன செய்தது என்று யாருமே யோசித்த மாதிரி தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் அண்ணன் பேரன் கனடாவில் இருக்கிறான். போன மார்கழியில் வீடியோவில் கூப்பிட்டு வாசலைக் காட்டினான். முழங்கால் உயரத்துக்குப் பனி. ஒரு சின்ன டிராக்டர், முன்னால் இரும்புப் பலகை மாட்டிக்கொண்டு, பனியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனது. "அங்கே டிராக்டருக்கு இதுதான் வேலையாடா?" என்று கேட்டேன். "குளிர்காலத்தில் இது, கோடையில் புல் வெட்டுறது, வேலி போடுறது, மண் அள்ளுறது. வருஷம் பூரா நிற்காது அத்தை" என்றான். அந்த ஒரு வார்த்தை என் மனசில் தைத்துவிட்டது. வருஷம் பூரா நிற்காது. நம்ம ஊர் டிராக்டர்கள் வருஷத்தில் பாதி நாள் புளியமரத்தடியில்தானே நிற்கின்றன? இதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பழைய கதை.

எங்க அப்பாவிடம் ஒரு சோடி உழவு மாடு இருந்தது. இலுப்பூர்ப் பக்கத்து நிலம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நஞ்சை, மற்றதெல்லாம் செம்மண்ணும் சரளையும், வானம் பார்த்த பூமி. மழை பெய்து ஈரம் இருக்கிற நாலு நாளுக்குள் உழுதால்தான் உண்டு. ஈரம் காய்ந்தால் கொழு இறங்காது. விடியற்காலை மூணு மணிக்கு நுகத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். வெயில் ஏறுகிற வரைக்கும் உழுதாலும் அரை ஏக்கர்கூட முடியாது. அம்மா பின்னாலேயே நடந்து சாலில் கடலை விதை போடுவார். நாங்கள் பிள்ளைகள் கட்டி உடைப்போம். மாடு இருந்ததால் சாணி இருந்தது. சாணி இருந்ததால் வயலுக்கு எரு, அடுப்புக்கு வறட்டி, வாசலுக்குத் தெளிப்பு. மாட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை முக்கால்வாசி பெண்கள் தலையில்தான். கூளம் போடுவது, தண்ணீர் காட்டுவது, தொழுவம் கூட்டுவது எல்லாம் அம்மா. ஏர் மட்டும் அப்பா. பெண் ஏரைத் தொடக்கூடாது என்று ஒரு சாங்கியம் வேறு. மாட்டின் வாயும் வயிறும் நம்ம பொறுப்பு, கழுத்து மட்டும் அவங்க பொறுப்பு. அந்தப் பங்கீட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் பிறந்தது அமெரிக்காவில், சுமார் 130 வருஷத்துக்கு முன்னால். அதற்கு முன்னால் நீராவி எஞ்சின் இருந்தது, ஆனால் ரயில் எஞ்சின் மாதிரி கனம், வயலில் இறங்கினால் புதைந்துவிடும். எண்ணெயில் ஓடும் வண்டிகள் வந்த பிறகுதான் விவசாயி கைக்கு எட்டியது. கார் கம்பெனி வைத்திருந்த ஹென்றி ஃபோர்டு 1917-இல் ஃபோர்ட்சன் என்ற மலிவான டிராக்டரை ஆயிரக்கணக்கில் செய்து விற்றார். அந்தக் காலத்து டிராக்டர்களில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுக்கிற மாதிரிதான் பின்னால் மாட்டியிருப்பார்கள். கலப்பை ஒரு பாறையில் சிக்கினால், பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், முன்பக்கம் குதிரை மாதிரி தூக்கும், வண்டி அப்படியே பின்னால் கவிழ்ந்து ஓட்டுகிறவர் மேல் விழும். நம்ம சரளைக்காட்டை நினைத்துப் பாருங்கள். அடிக்கு ஒரு கல்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் அயர்லாந்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து டிராக்டரோடு ஒரே உடம்பு மாதிரி ஆக்கினார். கீழே இரண்டு கை, மேலே ஒரு தண்டு. நம்ம டிரைவர்கள் "டாப் லிங்க்" என்று சொல்கிறார்களே, அந்த மேல் தண்டுதான். கலப்பை கல்லில் முட்டினால், அந்தத் தண்டு டிராக்டரின் மூக்கைக் கீழே அழுத்தும். வண்டி தூக்காது. எண்ணெய் அழுத்தத்தில் கலப்பையைத் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக்கும் அதோடு சேர்ந்து வந்தது. அந்த ஏற்பாட்டோடு ஃபோர்டு கம்பெனி 1939-இல் ஒரு டிராக்டர் விட்டது. 1946-இல் ஃபெர்குசன் தன் பெயரிலேயே விட்ட சின்னச் சாம்பல் நிற டிராக்டர் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. இன்றைக்கு உலகத்தில் எந்தக் கம்பெனி டிராக்டரை எடுத்துக்கொண்டாலும் பின்பக்கம் அந்த மூன்று முனைப் பிடிதான். ஃபெர்குசன் கம்பெனி 1953-இல் மாசி ஹாரிஸ் என்ற கனடா கம்பெனியோடு சேர்ந்து, பிற்பாடு மாசி ஃபெர்குசன் ஆனது. விராலிமலை ரோட்டில் சிவப்பு டிராக்டர் போகும்போது பக்கவாட்டில் அந்தப் பெயரைப் படித்திருப்பீர்கள். அது அந்த அயர்லாந்துக்காரர் பெயர்தான்.

நம்ம நாட்டுக்கு டிராக்டர் கூட்டமாக வந்தது உழுவதற்காக மட்டும் இல்லை, காட்டைத் திருத்துவதற்காகவும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டிராக்டர்களை வைத்து, மத்திய டிராக்டர் நிறுவனம் என்று ஒன்றை அரசாங்கம் தொடங்கியது. வட இந்தியாவில் காஸ் என்ற ஒரு நாணல் புல். வேர் ஆழத்தில் ஓடும், மாட்டு ஏருக்கு அசையாது. ஏக்கர் கணக்கில் நல்ல நிலத்தை அது பிடித்துக்கொண்டிருந்தது. அதை அழிக்க டிராக்டர் வாங்க 1949-இல் உலக வங்கி நம்ம நாட்டுக்கு 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. நம்ம ஊர் சீமைக் கருவேலத்துக்கு முன்னோடிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தியாவிலேயே செய்த முதல் டிராக்டர் 1959-இல் ஃபரீதாபாத்தில் வெளிவந்தது. ஐஷர் கம்பெனி. அடுத்த வருஷமே, 1960-இல், சென்னையில் டாஃபே தொடங்கினார்கள். செம்பியத்தில் தொழிற்சாலை. மாசி ஃபெர்குசனோடு கூட்டு. அப்புறம் எஸ்கார்ட்ஸ், மஹிந்திரா, ஸ்வராஜ் என்று வரிசையாக வந்தன. இன்றைக்கு எண்ணிக்கையில் உலகத்திலேயே அதிகம் டிராக்டர் செய்கிற நாடு நம்ம நாடுதான். இன்னொரு சங்கதி. அந்த டாஃபே கம்பெனியைப் பல வருஷமாகத் தலைமை ஏற்று நடத்துகிறவர் ஒரு பெண், மல்லிகா சீனிவாசன். 2014-இல் பத்மஸ்ரீ வாங்கினார். "டிராக்டர் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று பொதுக்குழுவில் சொன்ன அக்கா இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா.

இலுப்பூர்ப் பக்கம் நான் பார்த்த முதல் டிராக்டர் ஒரு பெரிய பண்ணைக்காரர் வீட்டுடையது. அதன் பின்னால் பிள்ளைகள் ஓடுவோம். பிறகு வாடகை உழவு வந்தது. ஒன்பது கொத்துக் கலப்பை மாட்டினால் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் ஓடிவிடும். அப்பா மூணு நாள் செய்த வேலை, ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் முடிந்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் முழு நிலமும் விதைத்தாச்சு. அந்தச் சந்தோஷம் சாதாரணமானது இல்லை. எங்கள் மாட்டை அந்த வருஷமே விற்றுவிட்டார் அப்பா. ஊரில் ஒவ்வொரு சோடியாகப் போய்விட்டது. இப்போது நம்ம மாவட்டத்தில் காளை என்றால் ஜல்லிக்கட்டுக் காளைதான். ஏருக்கு மாடு இல்லை, வாடிவாசலுக்கு மட்டும் மாடு. மாடு போனதும் எரு போச்சு, வறட்டி போச்சு. உர மூட்டையும் சிலிண்டரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் செலவை டிராக்டர் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டிராக்டர் முதலில் எடுத்தது ஆண்கள் வேலையைத்தான். உழவு, பரம்படிப்பு, வண்டி ஓட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் அவர்கள் சும்மா உட்காரவில்லை. மேழியை விட்ட கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. டிரைவர் ஆனார்கள், மெக்கானிக் ஆனார்கள், வாடகைக்கு விட்டார்கள். அதற்கப்புறம் கதிர் அறுக்கும் மெஷின் வந்தது. அது எடுத்தது நம்ம வேலையை. அறுப்பு, கட்டுக் கட்டுவது, களத்தில் தூற்றுவது, அறுப்புக்குக் கூலியாக நெல் வாங்கி வீட்டுக் குதிரை நிரப்புவது எல்லாமே ஒரே மத்தியானத்தில் முடிந்துபோனது. நாம் எங்கே போனோம்? வரப்பு மேல் நின்று வேடிக்கை பார்த்தோம். அந்த மெஷின் மேல் ஏறி உட்காரலாம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை, நமக்கும் தோன்றவில்லை. வேலையை மெஷின் எடுத்தது என்று இன்று வரை பேசுகிறோம். என்னைக் கேட்டால், இருக்கையை விட்டுக்கொடுத்ததுதான் பெரிய நஷ்டம்.

ஏறவே மாட்டோம் என்று இல்லை. நம்ம மாவட்டத்துப் பெண்கள் ஒரு வண்டியில் ஏறியதை உலகமே எழுதியது. 1991, 92 வருஷங்களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா சைக்கிள் ஓட்டுவதையும் பாடத்தோடு சேர்த்தார்கள். லட்சம் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோய், பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் பிள்ளை, பின் கேரியரில் தண்ணீர்க் குடம். கேலி பேசாத வாய் இல்லை. நானும் அப்போது கற்றுக்கொண்டவள்தான். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. அதே காலத்தில் கல் குவாரிகளையும் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குடுமியான்மலைப் பக்கம் கொத்தடிமை மாதிரி கல் உடைத்த பெண்கள் குத்தகைதாரர் ஆனார்கள். அது நிலைக்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் காண்ட்ராக்டர்கள் கை மறுபடி ஓங்கியது. சைக்கிள் மட்டும் நம்மிடமே இருந்தது, ஏனென்றால் ஓட்டத் தெரிந்தவர் நாமே. ஓட்டத் தெரியாத வண்டியை நம்ம பெயரில் வாங்கினால் அது குவாரிக் கதையாகத்தான் முடியும் என்று எனக்கு ஒரு பயம்.

வெளிதேசத்திலும் இது நடந்திருக்கிறது. ரஷ்யாவோடு சேர்ந்திருந்த உக்ரைனில் பாஷா ஆஞ்செலினா என்ற பெண் 1933-இல் முழுக்க முழுக்கப் பெண்களே இருந்த டிராக்டர் படை ஒன்றைத் தொடங்கினார். இங்கிலாந்தில் இரண்டு உலகப்போரிலும் ஆண்கள் சண்டைக்குப் போனதால், நிலப் படை என்று பெண்களைச் சேர்த்து டிராக்டர் ஓட்ட விட்டார்கள். சண்டை முடிந்ததும் பல பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அது வேறு விஷயம். சீனாவில் லியாங் ஜுன் என்ற பெண் 1948-இல் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த நாட்டின் முதல் பெண் டிராக்டர் டிரைவர் என்று சொல்கிறார்கள். பிற்பாடு வந்த ஒரு யுவான் நோட்டில், டிராக்டர் ஓட்டுகிற பெண் படத்தையே அச்சடித்தார்கள். நம்ம ஒரு ரூபாய் நோட்டு மாதிரி, எல்லோர் மடியிலும் புழங்குகிற நோட்டு.

நம்ம குழுக்களின் கதையை இந்த மலரில் வேறு பேர் விரிவாக எழுதுகிறார்கள். நான் ஓரிரு வரியோடு நிறுத்துகிறேன். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய குழு முறை, 1997-98-இல் மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு பூராவும் பரவியது. மாசம் இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் சேமித்து, உள்கடன் கொடுத்து, வங்கிக் கடன் வாங்கி, ஊராட்சிக் கூட்டமைப்பு வரை வளர்ந்தோம். கறவை மாடு வாங்கினோம், கிரைண்டர் வாங்கினோம், தையல் மெஷின் வாங்கினோம். நிலத்தில் இறங்கி ஓடுகிற வண்டி மட்டும் வாங்கவில்லை. 2014-15-இல் மத்திய அரசு வேளாண் இயந்திரமயமாக்கல் இயக்கத்தைத் தொடங்கியது. கருவிக்கு மானியம், வாடகை மையத்துக்கு மானியம் என்று அதில் இருக்கிறது. தனியாக வாங்கும் சிறு, குறு விவசாயிக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. நம்ம வேளாண் பொறியியல் துறையும் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. இ-வாடகை செயலியில் பதியலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வாங்குவதற்குக் காலம் நல்ல காலம்தான். அதனாலேயே வாங்கிவிடக் கூடாது.

எங்க வீட்டுக் கதையைச் சொல்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து 50 ஹெச்.பி. டிராக்டர் கடனில் எடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர் 45 வைத்திருந்தார், அதனால் நமக்கு 50. வேறு காரணம் கிடையாது. எங்களுக்கு மொத்த நிலம் மூணு ஏக்கர். கலப்பையும் டிரெய்லரும் வாங்கினார்கள். ரோட்டவேட்டர் வாங்கக் காசு இல்லை. ஊரே ரோட்டவேட்டர் கேட்க ஆரம்பித்திருந்த காலம். ஆடியில் ஓடியது, புரட்டாசியில் ஓடியது. தையிலிருந்து ஆனி வரை நின்றது. தவணை நிற்கவில்லை. மூணாவது வருஷம் கடன் கொடுத்த கம்பெனி ஆட்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். என் தாலிச் சங்கிலி அடகில் போனது அந்த வருஷம்தான். திருப்பிக் கொடுத்தது நம்ம குழுக் கடன்.

அதனால் டிராக்டர் தேர்ந்தெடுக்கும்போது என்ன நிறம், எத்தனை ஹெச்.பி. என்று கேட்பதற்கு முன்னால், வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்க வேண்டும். டிராக்டரில் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணி மீட்டர்தான். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்த்தேன். விலைவாசி மாறும், முறை மாறாது. மணிக்கு வாடகை 1,000 ரூபாய் என்று வைப்போம். ரோட்டவேட்டர் ஓட்டினால் டீசல் சுமார் 5 லிட்டர், 465 ரூபாய். டிரைவருக்கு 135. ஆயில், டயர், பழுதுக்கு 100 எடுத்து வைத்தே ஆக வேண்டும். மிச்சம் 300 ரூபாய். 7 லட்ச ரூபாய் கடனை 5 வருஷத்தில் அடைக்க, வட்டியோடு வருஷத்துக்குச் சுமார் 1,83,000 ரூபாய் வரும். 300-ஆல் வகுத்தால் 610 மணி நேரம். விதைப்புக் காலத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 40 நாள் ஓடினாலும் 320 மணிதான். மீதி 290 மணி நேரத்துக்கு வேலை எங்கே? எங்க வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. டீலர் கேட்கவே மாட்டார்.

கனடாக்காரனுக்குப் பனி. நமக்கு முள்ளும் வண்டலும். சீமைக் கருவேலம் மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். விறகுக்கென்று வந்தது, கண்மாயைப் பிடித்துக்கொண்டது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அதை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக வேலை நடந்தது ஞாபகம் இருக்கும். பெரிய மரத்தை வேரோடு பறிக்க ஜே.சி.பி. வேண்டும், டிராக்டரால் ஆகாது. ஆனால் விட்ட இடத்தில் அடுத்த மழைக்கே கன்று முளைக்கிறது. அதைச் சின்னதிலேயே உழுதுவிட்டால்தான் நிலம் நிலமாக இருக்கும். அந்த வேலை டிராக்டருக்கு. அதே 2017-இல் குடிமராமத்து மறுபடி வந்தது, விவசாயிகள் அனுமதி வாங்கிக் கண்மாய் வண்டலை எடுத்து வயலில் போடலாம் என்றும் ஆனது. சரளைக்காட்டுக்கு வண்டலைவிட நல்ல மருந்து இல்லை. அள்ள ஜே.சி.பி., சுமக்க டிராக்டர் டிரெய்லர். அது கோடையில் நடக்கிற வேலை, நம்ம டிராக்டர்கள் தூங்குகிற அதே மாசங்களில்.

கஜா புயலை மறக்க முடியுமா? 2018 நவம்பர் 16 விடியற்காலை. நம்ம மாவட்டத்தில் தென்னை, பலா, முந்திரி எல்லாம் படுத்துவிட்டது. ரோடு பூரா மரம். கரண்டு வர எத்தனையோ கிராமங்களில் வாரக்கணக்கானது. அப்போது மரத்தை அறுத்துச் சங்கிலி போட்டு இழுத்து வழி பண்ணியது ஊர் டிராக்டர்கள்தான். டேங்கர் மாட்டித் தண்ணீர் கொண்டுவந்ததும் அவைதான். சில இடத்தில் அதற்கும் வாடகை கேட்டார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். நம்ம கூட்டமைப்பு வண்டி ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால், எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதை நாம் முடிவு பண்ணியிருப்போம்.

எந்த வண்டி என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம் இது. நம்ம பக்கத்து நிலங்கள் சிறுசு, வரப்பு நெருக்கம். 50-க்கு மேல் தேவையே இல்லை. ஐந்தடி, ஆறடி ரோட்டவேட்டருக்கும், வண்டல் டிரெய்லருக்கும் 40-லிருந்து 45 ஹெச்.பி. போதும். மல்லிகைத் தோட்டம், தென்னைக்கு நடுவே என்றால் 25-க்குள் இருக்கிற மினி டிராக்டர் நல்லது, ஆனால் அது டிரெய்லர் பாரத்துக்குத் திணறும். காசை வண்டியில் முழுதாகக் கொட்டாமல் கருவிக்கு ஒதுக்க வேண்டும். கொத்துக் கலப்பை, ரோட்டவேட்டர், டிரெய்லர், பின்னால் மாட்டும் மண் தள்ளும் பலகை. இந்த நாலும் இல்லாத டிராக்டர் வெறும் மோட்டார். எந்தக் கம்பெனி என்பதை, இலுப்பூரிலோ அன்னவாசலிலோ எந்தக் கம்பெனிக்கு மெக்கானிக்கும் உதிரிப்பாகமும் ஒரே நாளில் கிடைக்கும் என்று விசாரித்து முடிவு பண்ணுங்கள். ஈரம் இருக்கும் நாலு நாளில் வண்டி படுத்துக்கொண்டால் அந்த வருஷமே போச்சு.

இன்னொன்று, புடவை. இதை எந்த டீலரும் பெண்களிடம் சொல்வதில்லை. டிராக்டரின் பின்பக்கம் ஒரு தண்டு சுற்றும், பி.டி.ஓ. என்பார்கள். ரோட்டவேட்டரும் கடலை அடிக்கிற மெஷினும் அதில்தான் ஓடும். நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது. முந்தானை நுனியோ, துப்பட்டாவோ, அவிழ்ந்த சடையோ பட்டால், ஐயோ என்று சொல்வதற்குள் ஆளை இழுத்துவிடும். அந்தத் தண்டுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்று வரும். சத்தம் போடுகிறது என்று முதல் வாரத்திலேயே கழற்றி எறிந்துவிடுகிறார்கள் நம்ம ஆட்கள். கழற்றவே கூடாது. எஞ்சினை நிறுத்தாமல் கிட்டே போகக்கூடாது. மட்கார்டு மேல் பிள்ளைகளை உட்கார வைக்கக்கூடாது. டிராக்டரில் ஒரே ஒரு இருக்கைதான், ஏனென்றால் அது ஒரே ஒருவருக்கானது. கண்மாய்க் கரையில் ஓரமாக ஓட்டக்கூடாது. மழையில் ஊறிய கரை சரிந்தால் வண்டியோடு உள்ளே போக வேண்டியதுதான். லைசென்ஸுக்குப் பயப்பட வேண்டாம். 7,500 கிலோவுக்குள் எடையுள்ள வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதிப்படுத்தியிருக்கிறது.

பொதுக்குழு பேச்சுக்குப் பிறகு, நம்ம குழுவில் ரெண்டு பேர், ஒரு கல்லூரி முடித்த பிள்ளையும், நாற்பத்தெட்டு வயசு தங்கச்சி ஒருத்தியும், ஞாயிற்றுக்கிழமைகளில் தரிசில் ஓட்டிப் பழகுகிறார்கள். வண்டி அந்தத் தங்கச்சியின் அண்ணனுடையது, டீசல் இவர்கள் செலவு. சுடிதார் போட்டு, சடையை உள்ளே முடிந்துகொண்டு ஓட்டுகிறார்கள். முன்னால் ஓட்டுவது ரெண்டே நாளில் வந்துவிட்டதாம். டிரெய்லரோடு பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். போன வாரம் நான் போய் நின்று பார்த்தேன். தங்கச்சி நாலு தடவை வேலியில் இடித்தாள். ஐந்தாவது தடவை நேராக உள்ளே வந்தது. இறங்கி வந்து, "அக்கா, நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்" என்றாள். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது. ஏறினேன்.